புள்ளி இல்லாத தெரு

மேப் டீச்சரின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் நேராக நிற்காது. இரண்டும் நடுக்கணுவில் ஒடிந்து, வெளிப்பக்கமாகத் திரும்பி ஒட்டிக்கொண்டவை. அவள் புருஷன் அந்த விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். கை தவறிச் சாத்தியிருந்தால் ஒரு முறையோடு போயிருக்கும். "இன்னொரு தடவை என்னைக் கேக்காம வாசல் தாண்டுவியா?" என்று கேட்டு, "மாட்டேன்" என்ற பதில் தெளிவாக வரும்வரை கதவை விட்டு விட்டு அழுத்தினான். இதை அவள் என்னிடம் சொன்னது ஆசிரியர் அறையில், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே. அன்று எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவள் முழுதும் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவி வைத்தாள்.

அவள் புவியியல் நடத்திய பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில், மூக்கு நுனியில் கோபம். இவை இல்லாமல் என்னை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் விசில் மிஸ். எழுத்துக்கும் எனக்கும் வெகு தூரம். ஆனாலும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவளைப் பற்றி இந்தப் பக்கம் உலவும் இரண்டு கதைகள். "பாவம், அடி வாங்கியே காலத்தை ஓட்டினவ" என்று ஒரு கூட்டம் உச்சுக்கொட்டுகிறது. "புருஷன் மண்டையைப் பிளந்தவளாமே" என்று இன்னொரு கூட்டம் கண்ணை உருட்டுகிறது. இரண்டு கூட்டத்துக்கும் பளாரென்று நாலு அறை விட்டால் என்ன என்று இருக்கிறது. அது நடந்த வகுப்பறையில் நான் இருந்தேன். அவர்கள் யாரும் இல்லை.

அவள் புருஷன் நிலம் அளக்கிறவன். மனையோ வயலோ தகராறில் கிடக்கும் எல்லையோ, வரைபடத்தை விரித்து வைத்துப் படிப்பதில் படு கெட்டிக்காரன். கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசை முழுக்கப் படங்களைப் பரப்பி அவளுக்கும் சொல்லிக்கொடுத்தான். "படத்துல என்ன இருக்குன்னு பாக்காத. என்ன இல்லைன்னு பாரு. விஷயம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்" என்பான். பாடத்தில் தப்புச் செய்தால் அளவுகோலின் விளிம்பால் முழங்கையில் அடிப்பான். அளவுகோல் பிறகு பெல்ட் ஆனது. பெல்ட் பிறகு கைக்குக் கிடைத்த எதுவும் ஆனது.

முதல் தடவை அவள் அக்கா வீட்டுக்கு ஓடினாள். தேடி வந்து, குறுக்கே நின்ற அக்கா புருஷனின் தாடையை உடைத்துவிட்டு இழுத்துப் போனான். இரண்டாம் தடவை வேறு ஊரில் பெண்கள் விடுதியில் இருந்தாள். அங்கேயும் வந்து, தலைமுடியைப் பிடித்து மாடியிலிருந்து கீழ்வரை படிப்படியாக இழுத்ததில் முன்பல் போனது. போலீஸ் பிடித்தது, கொஞ்ச நாளில் விட்டது. வெளியே வந்தவன் போனில் சொன்னான்: "அடுத்த தடவை உன்னைக் கூட்டிட்டுப் போக நான் வர மாட்டேன்டி. தூக்கிட்டுப் போக நாலு பேரு வருவாங்க." சொன்னதைச் செய்கிற ஆள். அவள் அன்றே கிளம்பி, கூடப் பிறந்தவளுக்குக்கூடச் சொல்லாமல் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தாள். இன்னொரு முறை அவன் கண்ணில் பட்டால் உயிர் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் வந்தபோது எங்கள் எட்டாம் வகுப்பு வகுப்பாக இல்லை, ரணகளமாக இருந்தது. காம்பஸ் முனையால் ஒருவன் இன்னொருவன் தொடையில் குத்தியிருந்தான். பெண் பிள்ளைகள் பின்னலைப் பிடித்து இழுத்துப் புரள்வார்கள். மைதானத்தில் நான் விசில் ஊதிப் பிரிப்பதற்குள் யாருக்காவது உதடு கிழிந்திருக்கும். புவியியல் பாடம் என்றால் சுவரில் தொங்கும் பழைய உலகப்படத்தில் குறி பார்த்து ரப்பர் எறிவது என்று அர்த்தம்.

தலைமையாசிரியர் அறையில் பெரிய தொடுதிரை ஒன்று, வந்த நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. பிள்ளைகள் கீறிவிடுவார்கள் என்று அந்த மனிதர் அதைக் குழந்தை மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்தார். மேப் டீச்சர் போய்க் கேட்டாள், மறுத்தார். மறுநாளும் கேட்டாள். கடைசியில் தொல்லை தாங்காமல் கொடுத்தார்.

முதல் நாள் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. திரையில் உலகத்தைக் காட்டி விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கடல், நாடு, ஊர், தெருக்கள், கடைசியில் ஒரு மொட்டை மாடி, அதன் மேல் மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டி. "டேய், நம்ம ஸ்கூல் டேங்க்டா!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், வகுப்பு முழுவதும் திரைமுன் மொய்த்தது. அவள் ஒரு சிவப்புப் புள்ளியைத் தொட்டு மைதானத்து மூலையில் வைத்தாள். "உங்களுக்கு அடிபட்ட இடம், பயமா இருக்கிற இடம், எங்க இருந்தாலும் இந்த மாதிரிப் புள்ளி போடுங்க. என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதுங்க. ஆனா யார் வீட்டு மேலயும் போடக் கூடாது. உங்க வீடும் சரி, அடுத்தவங்க வீடும் சரி."

பிள்ளைகள் போட்ட புள்ளிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். 'இங்கே நாய் கடித்தது' என்று தொடங்கியது. 'இங்கே அப்பா என்னைச் செருப்பால் அடித்தார், எல்லாரும் பார்த்தார்கள்.' 'இந்தச் சுவர்ப் பக்கம் குடித்துவிட்டு நிற்பவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள்.' 'இங்கே அண்ணனை வெட்டினார்கள்.' காம்பஸால் குத்தியவன் வைத்த புள்ளியைக் குத்து வாங்கியவன் வெகுநேரம் படித்தான். அதன் பிறகு அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். மறுநாளும் அடித்துக்கொண்டார்கள். ஆனால் காம்பஸ் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

படம் பெருகியது. வீட்டிலிருந்து அம்மாக்கள் போனில் திறந்து தாங்களும் புள்ளி வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பு சேர்ந்துகொண்டது. அவள் அதை வைத்தே அளவு, திசை, மக்கள்தொகை எல்லாம் நடத்தினாள். "என்ன இருக்குன்னு பாக்காதீங்க, என்ன இல்லைன்னு பாருங்க" என்பாள். தெருவிளக்கு இல்லாத இடத்தில்தான் சிவப்பு அதிகம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துத் துள்ளினார்கள். "அவன் பேச்சை ஏன்டி இன்னும் தூக்கிச் சுமக்கிற?" என்று கேட்டேன். "அந்த வீட்டுல இருந்து நான் எடுத்துட்டு வந்தது அது ஒண்ணுதான் அக்கா. உருப்படியா இருக்கே" என்றாள்.

ஒரு வழக்கம் அவளுக்கு உண்டு. தன் தெருப் பக்கம் மட்டும் படத்தை நகர்த்தவே மாட்டாள். அவள் கண் அங்கே போகாது. அதனால் அவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

தலைமையாசிரியருக்குப் புகழ் ஆசை வந்தது. வகுப்பை வீடியோ எடுத்துப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போடுகிறேன் என்றார், படத்துக்கான லிங்க்கோடு. "என் முகமும் பேரும் வரக் கூடாது சார், குரலும் வேண்டாம்" என்று அவள் கும்பிட்டாள். பாவி மனிதர், வாக்கைக் காப்பாற்றினார். முகம் இல்லை, பெயர் இல்லை, குரலுக்குப் பதில் ஏதோ இசை. திரையில் ஓடும் ஒரு கை மட்டும் இருந்தது. இடது கை. அவள் இடது கைப் பழக்கக்காரி.

அது ஒரு சனிக்கிழமை காலை. எட்டாம் வகுப்புக்கு மட்டும் சிறப்பு வகுப்பு. மைதானத்தில் மழைத் தண்ணீர் நின்றதால் நான் அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கிழிந்த வாலிபால் வலையைத் தைத்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு புள்ளி முளைத்தது. முன்பெஞ்சில், மேப் டீச்சரின் தெருவிலேயே குடியிருக்கும் தையற்காரம்மாவின் சின்ன மகள், ஊசி என்று எல்லாரும் கூப்பிடும் பெண், சட்டென்று எழுந்து நின்றாள்.

"மிஸ், யாரோ உங்க தெருவுல போட்டுட்டாங்க. அங்க யாருமே போடக் கூடாதுன்னு..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேப் டீச்சர் அந்தப் புள்ளியைத் தொட்டாள். எழுதியிருந்தது ஊசியின் அக்கா, வீட்டிலிருந்து: 'தெரியாத ஆள். நீலச் சட்டை. ஒவ்வொரு வாசலா எட்டிப் பார்க்கிறான்.' அடுத்து ஒன்று: 'பையில் இரும்புக் கம்பி.' அடுத்தது: 'மிஸ் வீட்டுப் பூட்டை உடைக்கிறான்.' அவள் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதோ தெரியவில்லை. கையில் இருந்த பேனா கீழே விழுந்தது, எடுக்கவில்லை. 'சாமான் எல்லாத்தையும் தெருவில் வீசுகிறான்.' பிறகு இது வந்தது: 'எங்க அம்மா தடுக்கப் போனாங்க. கம்பியால் அடிச்சிட்டான். கை தொங்குது.'

ஊசி அழவில்லை. "மிஸ்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள்.

நான் போலீசுக்குப் போன் செய்தேன். "வர்றோம் மேடம், வர்றோம்" என்றார்கள். புள்ளிகள் நகர்ந்தன. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் யாரோ வைத்தார்கள். குழாயடி. விளக்கு இல்லாத முனை. நாய் கடிக்கும் வளைவு. 'ஸ்கூல் எங்கேன்னு கேட்டான், யாரும் சொல்லவில்லை.' 'போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான்.' அவன் பார்த்துக்கொண்டிருந்தது அதே படத்தைத்தான். அடுத்த புள்ளி பள்ளிக் கூரையின் மேல், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. வைத்தவர் பெயர் இல்லை. ஒரே சொல்: 'வந்துட்டேன்.'

"பின்பக்கம் ஓடுடி!" என்று கத்தினேன்.

"நான் ஓடினா எங்க போனான்னு இவங்களைக் கேப்பான் அக்கா. அவன் எப்படிக் கேப்பான்னு எனக்குத் தெரியும்." அவள் கதவைச் சாத்தித் தாழிட்டு, மேசையை இழுத்து முட்டுக்கொடுத்தாள். மாடியில் அந்த அறைக்கு ஒரே கதவு. பிள்ளைகளை மூலைக்குத் தள்ளினோம். கீழே காவலாளி அலறும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது.

கதவு பலகைக் கதவு, கம்பிக்கு எத்தனை அடி தாங்கும்? பிளந்து உள்ளே வந்தான். முகம் வழித்து, தலை படிய வாரி, கல்யாணத்துக்கு வந்தவன் போல் இருந்தான். கம்பி நுனியில் காவலாளியின் இரத்தம். "நல்லாத்தான் பாடம் நடத்துற" என்று சிரித்தான். நான் குறுக்கே போனேன். என் தோளில் விழுந்த அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது, கீழே சரிந்தேன். அடுத்த அடி திரைக்கு. தெருக்களும் புள்ளிகளும் ஒரு வெட்டு வெட்டி அணைந்தன. கண்ணாடித் துண்டுகள் பிள்ளைகள் மேல் தெறித்தன.

அவள் முடியைச் சுற்றிப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினான். மறுபடி மோதினான். மூக்கு உடைந்து இரத்தம் பாடப்புத்தகங்களில் கொட்டியது. "வாசல் தாண்டுவியா? தாண்டுவியா?" என்று அதே பழைய கேள்வி. அவள் பதில் சொல்லவில்லை. கம்பியை ஓங்கினான்.

முதலில் பறந்தது ஒரு காம்பஸ் பெட்டி. அவன் நெற்றியில் பட்டுத் தோல் கிழிந்தது. பிறகு தண்ணீர் பாட்டில்கள், ஷூக்கள், ஒரு ஸ்டூல். வருடக்கணக்காக ஒருவரை ஒருவர் குறிபார்த்துப் பழகிய கைகள், ஒன்றுகூடத் தப்பவில்லை. அவன் ஒரு கையால் முகத்தை மறைத்துத் திரும்பிய நேரம், எனக்கு வேலை செய்த ஒரே கையால் வலையைச் சுருட்டி அவன் தலைமேல் எறிந்தேன். கை, கம்பி, கால் எல்லாம் சிக்கி, மரம் சாய்வது போல் விழுந்தான். பிள்ளைகள் மேலே பாய்ந்தார்கள். விலாவில், வயிற்றில், கண்ட இடத்தில் மிதித்தார்கள். நான் விசில் ஊதவில்லை. ஊதத் தோன்றவும் இல்லை.

மேப் டீச்சர் எழுந்தாள். முகம் முகமாக இல்லை. கம்பியை எடுத்தாள். வலைக்கு வெளியே அவன் வலது கை நீட்டிக்கொண்டிருந்தது, கதவை அழுத்திய கை. அதன் மேல் இறக்கினாள். இன்னொரு தடவை இறக்கினாள். விரல்கள் போன சத்தம் கேட்டது. அவன் பன்றி மாதிரி கத்தினான். பிறகு கம்பியை அவன் தலைக்கு நேரே உயர்த்தினாள்.

அப்போது அவள் பார்த்தது அவனை இல்லை. தாயின் கை தொங்குகிறது என்று படித்த ஊசி, அவன் கழுத்தின் மேல் காலைத் தூக்கி வைத்திருந்தாள். அந்தச் சின்ன முகத்தில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். மேப் டீச்சர் கம்பியை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். "போதும்! எல்லாரும் தள்ளி நில்லுங்க! ஊசி, காலை எடும்மா" என்று உடைந்த வாயால் கத்தினாள். பிள்ளைகள் தள்ளி நின்றார்கள். ஆக, மண்டையைப் பிளந்தவள் என்பது பொய். பிளக்கவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்றும் உண்டு, அதை மறைக்க நான் ஒன்றும் மகான் இல்லை.

போலீஸ் ஒருவழியாக வந்து அவனைப் பிடித்துப் போனபின், வாக்குமூலம் கொடுக்கப் போன இடத்தில், ஸ்டேஷனில், நானும் மேப் டீச்சரும் அவனைப் பார்க்க நேர்ந்தது. கைக் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து, எப்படிக் கண்டுபிடித்தான் என்று இன்ஸ்பெக்டரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். "வீடியோல விரலைப் பாத்தேன். என் கைவேலை எனக்குத் தெரியாதா? தெருவைக் கண்டுபிடிக்கிறது அதைவிட ஈஸி சார். ஏரியா பூரா அம்மை போட்ட மாதிரி புள்ளி. ஒரே ஒரு தெரு மட்டும் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு குழாய் இல்ல, ஒரு நாய் இல்ல. பிள்ளைங்களுக்கு அவ மேல அவ்வளவு பாசம்." பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். "என்ன இல்லைன்னு பாருன்னு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்?"

விஷயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. முன்பு ஒருநாள் சட்டைக்கு அளவெடுத்தபோது தையற்காரம்மா மேப் டீச்சரின் முதுகுத் தழும்புகளைப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் மகள்களிடம், "மிஸ் இருக்கிற தெருவை யாருக்கும் காட்டாதீங்க" என்றிருக்கிறாள். ஊசி வகுப்பு முழுவதிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அத்தனை வால்களும் ஒரு சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கின்றன.

வெளியே வந்ததும் மேப் டீச்சர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை அடியிலும் அழாதவள் அங்கே அழுதாள். மூக்கில் போட்ட கட்டு நனைந்தது. "பிள்ளைங்களுக்கு இது தெரியவே கூடாது அக்கா. செத்தாலும் சொல்லக் கூடாது. ஊசி தாங்க மாட்டா" என்றாள். சொல்ல மாட்டேன் என்று அவள் தலைமேல் கை வைத்தேன்.

முகத்தில் போட்ட தையலைப் பிரித்த மறுநாளே வகுப்புக்கு வந்தாள். திரை போய்விட்டதால் இரவல் ப்ரொஜெக்டர் ஒன்றைச் சுவரில் அடித்து, பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்தோம். நான் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு பின்பெஞ்சில் இருந்தேன். பாடம் தொடங்கும் முன்பே ஊசி எழுந்தாள்.

"மிஸ், அவன் எப்படி மிஸ் கண்டுபிடிச்சான்? நாங்க ரொம்ப ஜாக்கிரதையா இருந்தோம். உங்க தெருவுல ஒண்ணுகூட போடல."

மேப் டீச்சர் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "இந்த விரல்தான் காட்டிக் கொடுத்துடுச்சு. வீடியோல இதைப் பாத்துட்டான்."

எல்லாரும் தலைமையாசிரியரைத் திட்ட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தோடு சத்தமாக அவள் சுவரில் படத்தை நகர்த்தினாள், தன் தெருவுக்கு, முதல் தடவையாக. சுற்றிலும் சிவப்பு. அன்று விழுந்த புள்ளிகளைப் பிள்ளைகள் மறுபடி துடைத்திருந்தார்கள்; நடுவில் வெறும் சாம்பல் கோடாக அந்தத் தெரு. அவள் போட்ட விதியை அவளே மீறித் தன் வீட்டின் மேல் ஒரு புள்ளி வைத்து, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று எழுதினாள். "இனிமே இது காலியா இருக்க வேண்டாம். எல்லாரும் போடுங்க, சீக்கிரம்" என்றாள். பிள்ளைகள் முண்டியடித்து ஓடினார்கள்.

ஊசி போகவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் அந்தச் சாம்பல் கோட்டின் மேல் மேலும் கீழும் போவதை நான் பார்த்தேன். அவள் வாய் மெல்லத் திறந்தது.

"மிஸ்... என்ன இல்லைன்னு பாருங்கன்னு நீங்க..."

"விரல்தாம்மா" என்றாள் மேப் டீச்சர். அவசரமாகக் கிட்டே வந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தாள். "விரல்தான். வேற ஒண்ணுமே இல்ல. உங்க வீட்டுல இருந்து ஆரம்பி."

ஊசி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் வீட்டின் மேல் புள்ளி வைத்தாள். ஒரு வரி எழுத வேண்டிய இடத்தில் வெகுநேரம் ஒன்றும் எழுதாமல் இருந்தாள். மேப் டீச்சர் அந்தக் கையை விடவே இல்லை.